ஒட்டியதைப் பேதி கழுவாது

"போகட்டும் விடுங்க, உள்ளே கிடக்கிற கழிவெல்லாம் வெளியேறுது. நிறுத்தினாத்தான் ஆபத்து." கைக்குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்று பதறி வருகிற தாயிடம் இன்று தமிழ்நாட்டில் வெகு சாதாரணமாகச் சொல்லப்படுகிற பதில் இது. முன்பெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். இப்போது வாட்ஸப் குழுக்களிலும் யூடியூப் உரைகளிலும், மருந்தில்லா மருத்துவம் என்ற பெயரில் மண்டபம் பிடித்து நடத்துகிற வகுப்புகளிலும் இது ஒரு கொள்கையாகவே கற்பிக்கப்படுகிறது. நோய் என்பது கழிவின் தேக்கம். காய்ச்சல், சளி, வாந்தி, பேதி எல்லாம் உடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிற வேலை. அதில் குறுக்கிடாமல் வயிற்றைக் காயப்போட்டு ஒதுங்கி நின்றால் போதும் என்கிறார்கள். 'லங்கணம் பரம ஔஷதம்', பட்டினியே சிறந்த மருந்து, என்ற பழைய வாக்கும் துணைக்கு வந்துவிடுகிறது.

இந்தக் கருத்து ஏன் எடுபடுகிறது என்பதை நான் உணர்கிறேன். கெட்டுப்போன பலகாரத்தைத் தின்று, நாலைந்து தடவை போய், சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது. உணவிலேயே ஊறிக் கிடந்த நஞ்சு உள்ளே போய்த் தொல்லை கொடுத்தால், அது வெளியேறியதும் தொல்லை அடங்குவதும் உண்மை. கூடவே, பேதி என்றாலே ஆன்டிபயாடிக் எழுதித் தள்ளுகிற மருத்துவர்கள் மீது மக்களுக்கு இருக்கிற கோபத்திலும் நியாயம் உண்டு. சாதாரண நீர்ப்பேதிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதைத்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் இந்த இரண்டு நியாயங்களைப் பிடித்துக்கொண்டு, 'பேதி என்பதே சுத்திகரிப்பு' என்று தாவுவதை ஏற்க முடியாது. வளர்ந்தவருக்குச் சொன்னால் ஒரு நாள் அவதியோடு போய்விடும். ஆறு மாதக் குழந்தைக்குச் சொன்னால் அது உயிருக்கு உலை வைக்கிற அறிவுரை.

ஏனென்றால் பேதியை உண்டாக்குகிற முக்கியமான பாக்டீரியாக்களில் பல, குடலில் மிதப்பவை அல்ல. அவை குடல் சுவரில் ஒட்டிக்கொள்பவை. ஒட்டிக்கொள்வதுதான் அவற்றின் பிழைப்பு. பேதியால் கழுவ முடிகிற கிருமிகளாக இருந்திருந்தால் அவை பேதியை உண்டாக்கும் அளவுக்கு அங்கே நிலைத்திருக்கவே முடியாது.

2011ஆம் ஆண்டு மே மாதம் வடக்கு ஜெர்மனியில் தொடங்கிய கொள்ளைநோயைப் பாருங்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் குற்றம் சொன்னார்கள். கடைசியில் எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டி விற்ற ஒரு பண்ணையில் போய் விசாரணை நின்றது. பாதிக்கப்பட்டவர்கள் 3,816 பேர். அவர்களில் 845 பேருக்குச் சிறுநீரகம் வரை கேடு போனது. 54 பேர் இறந்தார்கள். காரணமான ஈ.கோலை வகைக்கு ஓ104:எச்4 என்று பெயர். அது குடல் சுவரில் அடுக்கடுக்காகத் திரண்டு ஒட்டுகிற இனம். ஒட்டும் திறனோடு ஷிகா என்ற கொடிய நஞ்சையும் சேர்த்துக்கொண்டிருந்தது. இந்த நோயாளிகள் பட்ட பேதியைவிடக் கடுமையான 'சுத்திகரிப்பு' வேறென்ன இருக்க முடியும்? இரத்தமும் நீருமாக நாள்கணக்கில் போனது. அதன் பிறகு லூபெக் நகர மருத்துவர்கள் அவர்களின் மலத்தைத் தொடர்ந்து சோதித்தார்கள். அஸித்ரோமைசின் கொடுக்கப்படாத 43 பேரில் 35 பேரிடம் 28 நாளுக்குப் பிறகும் அந்தக் கிருமி இருந்தது. வேறொரு காரணத்துக்காக அந்த மருந்து கொடுக்கப்பட்ட 22 பேரில் ஒரே ஒருவரிடம்தான் அப்படி இருந்தது. இதைச் சொல்வதால் இந்த வகைப் பேதிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று நான் வாதாடவில்லை; ஷிகா நஞ்சு சுரக்கும் கிருமிகளுக்குச் சில ஆன்டிபயாடிக்குகள் தீங்கே செய்யக்கூடும். நான் காட்டுவது வேறு. அவ்வளவு பேதி போயும் கிருமி போகவில்லை.

ஏன் போகவில்லை? நம் சிறுகுடல் நோயில்லாத நாளிலும் ஓயாமல் நீர் ஓடுகிற இடம். நாம் உண்பதும் குடிப்பதும் ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடல் ஊற்றுவது இன்னொரு 6, 7 லிட்டர். ஆக 8, 9 லிட்டர் நீர் தினமும் அந்தக் குழாய்க்குள் இறங்குகிறது. ஏறக்குறைய அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, 100, 200 மில்லி நீரை மட்டும் மலத்தோடு விடுகிறது. இந்த ஓட்டத்தில் மிதக்கிற எந்தப் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் பெருங்குடலுக்குத் தள்ளப்பட்டுவிடும். பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்க, சிறுகுடலின் மேற்பகுதியில் அவை மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அப்படியானால் சிறுகுடலில் தங்கி நோய் செய்ய நினைக்கிற கிருமி, முதல் காரியமாக ஓட்டத்துக்கு ஒரு பதில் கண்டுபிடித்தாக வேண்டும். அந்தப் பதில்தான் ஒட்டுதல். ஓட்டத்தை இன்னும் கூட்டினால் ஒட்டாதது அடித்துப்போகும். ஒட்டியது அப்படியே நிற்கும்.

இது வெறும் ஊகமல்ல, சோதித்துப் பார்த்த சங்கதி. பிறந்து சில நாளேயான பன்றிக்குட்டிகளைப் பேதியால் கொன்றுகொண்டிருந்த ஒரு ஈ.கோலை வகையிடம் இரண்டு திறன்கள் இருந்தன: குடல் நீரைச் சுரக்கவைக்கும் நஞ்சு ஒன்று, கே88 என்று பெயரிடப்பட்ட மெல்லிய இழைகளால் குடல் சுவரைப் பற்றுவது இன்னொன்று. 1971இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் ஸ்மித்தும் லிங்கூடும் இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். நஞ்சை அப்படியே விட்டுவிட்டு இழையை மட்டும் நீக்கியபோது பேதி வரவில்லை. 1975இல் அதைவிடத் தெளிவான சான்று வந்தது. சில பன்றிக்குட்டிகளின் குடல் சுவரில் கே88 பற்றிக்கொள்ள இடமே பிறவியிலேயே இல்லை. அந்தக் குட்டிகள் நோய்க்கு ஆளாகவில்லை. அதே கிருமி, அதே நஞ்சு. பிடித்துக்கொள்ள இடம் கிடைக்காததால் வந்த வழியே போயிற்று. மனிதர்களிடமும் 1978இல் இதே கதை தெரிந்தது. டாக்காவில் காலரா போன்ற பேதியோடு வந்த நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த எச்10407 என்ற ஈ.கோலையை, தாமாக முன்வந்த ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்தபோது பேதி வந்தது. பற்றும் இழையை இழந்துவிட்ட அதன் உடன்பிறப்பைக் கொடுத்தபோது வரவில்லை.

கால்நடை வளர்ப்போருக்கு இந்த அறிவு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. கருவுற்ற பன்றிக்கு அந்த இழைக்கு எதிரான தடுப்பூசி போட்டால், அதன் சீம்பாலில் வரும் எதிர்ப்புப் புரதம் குட்டியின் குடலில் கிருமி ஒட்டாமல் தடுக்கிறது. பண்ணைகளில் பல பத்தாண்டுகளாக இது வழக்கம். பன்றிக்குட்டியின் பேதிக்குக் கிடைத்த தெளிவு நம் வீட்டுக் குழந்தையின் பேதிக்குக் கிடைக்காமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மனிதக் குழந்தைகளின் வரலாற்றுக்கு வருவோம். 1945இல் லண்டன் அருகே ஹில்லிங்டன் மருத்துவமனையில் ஜான் பிரே என்ற மருத்துவர், கோடைப் பேதியில் மடிந்துகொண்டிருந்த கைக்குழந்தைகளின் மலத்தில் ஒரு குறிப்பிட்ட ஈ.கோலை வகை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். ஈ.கோலை எல்லோர் குடலிலும் இருக்கிற சாதுவான பாக்டீரியா என்று எண்ணியிருந்த காலம் அது. ஸ்காட்லாந்தின் ஆபர்டீனிலும் அடுத்து இதேபோல் பரவிக் குழந்தைகள் இறந்தபோதுதான் நம்பத் தொடங்கினார்கள். பிறகு ஒரு விநோதமான திருப்பம் வந்தது. 1960களிலும் 70களிலும் ஈ.கோலையின் நஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன. பிரே கண்ட வகைகளில் அந்த நஞ்சு எதுவுமே இல்லை. உடனே, நஞ்சும் சுரக்காமல் திசுவுக்குள்ளும் புகாமல் ஒரு கிருமி எப்படிப் பேதி உண்டாக்கும் என்று வல்லுநர்களே ஐயப்பட்டார்கள். அமெரிக்காவின் மேரிலாண்டில் மைரன் லெவைனும் அவர் குழுவினரும் பழைய தொற்றுகளிலிருந்து பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கிருமிகளைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1978இல் முடிவை வெளியிட்டார்கள். நஞ்சு இல்லை, ஆனாலும் பேதி வந்தது.

எப்படி என்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கிதான் காட்டியது. சிறுகுடலின் உள்சுவரில் உள்ள ஒவ்வொரு செல்லின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நெருக்கமாக நிற்கும். உணவையும் நீரையும் உறிஞ்சுகிற பரப்பே அதுதான். கிருமி வந்து அமர்ந்த இடத்தில் மட்டும் அந்த மயிரிழைகளைக் காணோம். மழுங்கிய அந்தத் தரையிலிருந்து செல்லே ஒரு சிறு மேடையாக எழும்பி, அந்த மேடையின் மேல் கிருமி அமர்ந்திருக்கிறது. 1997இல் பிரண்டன் கென்னியும் கனடாவின் வான்கூவரில் இருந்த ஃபின்லே ஆய்வகத்தாரும் இதில் மறைந்திருந்த கடைசி முடிச்சை அவிழ்த்தார்கள். கிருமி எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடியவர்களுக்கு, பற்றப்படும் புரதம் நம்முடையதே அல்ல என்று தெரிந்தது. டிர் என்கிற அந்தப் புரதத்தைக் கிருமியே தயாரித்து, ஊசி போன்ற ஒரு குழாய் வழியாக நம் செல்லுக்குள் செலுத்துகிறது. அது செல்லின் மேல்தோலில் பதிந்து தலையை வெளியே நீட்ட, கிருமி தன் மேற்பரப்பில் உள்ள இன்டிமின் என்ற புரதத்தால் அதை இறுகப் பிடிக்கிறது. வீட்டுக்கு வந்தவன் தன் சட்டையை மாட்ட ஆணியையும் கையோடு கொண்டுவந்து நம் சுவரில் அடித்துக்கொள்கிற மாதிரி. இந்தப் பிடியையா நாலு தடவை வெளிக்குப் போவது கழற்றிவிடும்?

இப்போது, வெளியே போவது என்ன என்று கேட்க வேண்டும். மயிரிழை மழுங்கிய இடத்தில் உறிஞ்சல் குறைகிறது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் அந்த இழைகளில்தான் இருக்கிறது. அது குறைந்தால் செரிக்காத சர்க்கரை நீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். போதாக்குறைக்குச் செல்கள் உப்பையும் நீரையும் உள்ளிருந்து வெளியே விடுகின்றன. ஆக குழந்தையின் துணியை நனைப்பது தேங்கிக் கிடந்த கழிவு அல்ல. சற்று முன்வரை குழந்தையின் இரத்தத்தில் இருந்த நீர், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட். ஒரு பேதியில் எவ்வளவு 'அழுக்கு' போயிற்று என்று பார்க்கிறவர்கள், அதே நேரத்தில் குழந்தையின் முகத்தைப் பார்க்கட்டும். கண் உள்ளே போயிருக்கும். அழும், கண்ணீர் வராது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டால் உடனே படியாமல், மடிப்பு அப்படியே நின்று மெல்ல இறங்கும். உச்சிக்குழி பள்ளமாகியிருக்கும். 'உச்சிக்குழி விழுந்ததால் பேதி' என்று சொல்லி மேலே எண்ணெய் வைக்கிற வழக்கம் நம் ஊரில் உண்டு. காரணமும் விளைவும் அங்கே இடம் மாறிவிட்டன. நீர் வற்றியதால்தான் குழி விழுந்தது.

இந்த இடத்தில் நம் கிராமங்களில் இன்றும் நடக்கிற தொக்கம் எடுத்தல் நினைவுக்கு வருகிறது. குழந்தையின் குடலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பேதியும் மந்தமும் என்று சொல்லி, ஊதியோ உறிஞ்சியோ எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் கைவித்தையை நான் ஏற்கவில்லை. அதனால் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோகத் தாமதமாவதையும் மன்னிக்க முடியாது. ஆனால் 'உள்ளே ஏதோ ஒட்டியிருக்கிறது' என்ற அந்த எளிய மக்களின் உள்ளுணர்வு, 'எல்லாம் தானாகக் கழுவிப் போய்விடும்' என்கிற இன்றைய வகுப்புகளின் கொள்கையைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எதிர்த்தரப்புக்கு அறிவியலிலேயே ஆதாரம் உண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. 1973இல் டுபான்ட், ஹார்னிக் என்ற இருவர், ஷிகெல்லா சீதபேதியில் குடலின் அசைவை மட்டுப்படுத்தும் மாத்திரை கொடுத்தவர்களுக்குக் காய்ச்சல் நீண்டதைக் காட்டினார்கள். 2017இல் ஜெரால்ட் டர்னரின் குழு எலிகளில் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. குடல் சுவரில் ஒட்டுகிற சிட்ரோபாக்டர் ரோடென்டியம் என்ற எலிக்கிருமி தொற்றும்போது, குடல் செல்களுக்கு இடையில் நீர் கசியும் வழியை உடலே திறந்துவிடுகிறது. அந்த வழி இல்லாத எலிகளிடம் கிருமி அதிகமாகப் பெருகியது. ஆக, நீரோட்டம் உடலின் தற்காப்புகளில் ஒன்று என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். குழந்தைக்குப் பேதியை 'அடைக்கிற' மாத்திரை கொடுக்கவே கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் இந்த ஆய்வுகள் எதுவும் 'இழந்த நீரைத் திரும்பக் கொடுக்காதே' என்று சொல்லவில்லை. கூண்டுக்குள் இருந்த எலிக்கு எப்போது வேண்டுமானாலும் குடிக்கத் தண்ணீர் இருந்தது. நம் குழந்தைக்குத்தான் அதையும் நிறுத்தச் சொல்கிறார்கள். அதே எலிக்கிருமியை வைத்து 2012இல் காமாடா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கண்டது இன்னும் முக்கியம். பிறப்பிலிருந்தே குடல் பாக்டீரியா எதுவும் இல்லாமல் வளர்த்த எலிகளால் அந்தக் கிருமியை ஒழிக்கவே முடியவில்லை. சாதாரண எலிகளில், கிருமி ஒட்டும் திறனைக் குறைத்துக்கொண்டு சுவரைவிட்டு இறங்கும் கட்டம் வந்ததும், அங்கே ஏற்கெனவே குடியிருக்கிற நல்ல பாக்டீரியாக்கள் உணவுப் போட்டியில் அதை வென்று வெளியேற்றின. சுவரில் ஒட்டியிருக்கும்வரை அவற்றாலும் தொட முடியவில்லை. உண்மையில் கிருமியைக் கடைசியாகத் துரத்துவது குடலின் சொந்தக் குடிமக்கள்தான் என்று இதிலிருந்து தெரிகிறது. பேதியின் வெள்ளத்தில் முதலில் அடித்துப் போகிறவையும் அவைதான்! காலராவும் ஈ.கோலை பேதியும் கண்ட வங்கதேச நோயாளிகளின் மலத்தைத் தொடர்ந்து ஆராய்ந்த லாரன்ஸ் டேவிட் குழுவினர், காற்றில்லா நிலையில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் பேதியின்போது சரிந்து, பிறகு வாரக்கணக்கில் மெதுவாகத் திரும்பி வந்ததை 2015இல் பதிவுசெய்தார்கள். வேண்டியது போகிறது, வேண்டாதது தங்குகிறது.

வெளியேறுகிற கிருமிகளும் உண்டு, அதை மறுக்கவில்லை. அவை எங்கே போகின்றன? 1998இல் வந்த ஓர் ஆய்வில், கூட்டமாக ஒட்டத் தெரிந்தும் கலைந்து பிரியத் தெரியாத ஈ.கோலை, தன்னார்வலர்களுக்கு நோய் உண்டாக்குவதில் மிகவும் பின்தங்கியது. கலைவதும் அந்தக் கிருமியின் திறமைகளில் ஒன்று. ஒரு பகுதி சுவரில் நிற்கிறது. இன்னொரு பகுதி பேதியோடு வெளியேறி, துணி அலசிய கை வழியாக, அந்தக் கை தொட்ட பால்புட்டி வழியாக அடுத்த வாய்க்குப் போகிறது. பிரேயின் காலத்து மருத்துவமனை வார்டுகளில் ஒரு தொட்டிலிலிருந்து அடுத்த தொட்டிலுக்கு அது அப்படித்தான் பரவியது. பேதி ஒரு சுத்திகரிப்பு என்றால், அதனால் பெரும் பலன் அடைவது கிருமி.

வயிற்றைக் காயப்போடுவதற்கு வருகிறேன். எனக்கு இதில்தான் கோபம் அதிகம். குடல் சுவரின் செல்கள் 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை புதிதாகின்றன. அடியிலிருந்து புதுச் செல் ஏறிவர, மேலிருக்கும் பழைய செல் தன்மேல் ஒட்டியிருக்கும் கிருமியோடு சேர்ந்து உதிர்கிறது. உடல் தன்னைச் சுத்தம் செய்கிறது என்ற பேச்சில் உண்மை இருக்குமானால், அது இங்கே இருக்கிறது. இந்த வேலைக்கு என்ன வேண்டும்? உணவு வேண்டும். குடல் செல்கள் தங்கள் ஊட்டத்தின் பெரும்பங்கைக் குடலுக்குள் வரும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. பட்டினி போட்டால் சுவர் மெலிகிறது, புதுப்பித்தல் தளர்கிறது. 1948இலேயே சங் என்ற மருத்துவர் பேதி கண்ட குழந்தைகளில் ஒரு சாராருக்கு உடனே உணவு கொடுத்தும், இன்னொரு சாராரைப் பட்டினி வைத்தும் ஒப்பிட்டார். உண்ட குழந்தைகளின் மலம் சற்றுக் கூடியது, அதையும் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் உடலில் சேர்ந்த சத்து அதைவிடக் கூடுதல். 'கொடுத்தால் இன்னும் போகுது' என்று சொல்கிற பாட்டியின் கண்ணுக்குத் தெரிவது மலம் மட்டும். உள்ளே தங்கியதை அவரால் பார்க்க முடியாது.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது எல்லாவற்றிலும் கொடுமை. 'பால் ஒத்துக்கலை, ரெண்டு நாள் கொடுக்காதே' என்று இளம் தாய்மாரிடம் சொல்லாத உறவுக்கூட்டம் அபூர்வம். மெக்ஸிகோவின் அலெஹாந்த்ரோ க்ரவியோட்டோவும் அவருடன் இருந்தவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் இப்படிச் சொல்ல வாய் வராது. சீம்பாலிலும் தாய்ப்பாலிலும் உள்ள எதிர்ப்புப் புரதங்களும் ஒருவகைச் சர்க்கரைத் தொடர்களும், பிரே கண்ட அந்த ஈ.கோலை வகை செல்களில் ஒட்டுவதையே தடுக்கின்றன. கிருமியின் ஒரே பலம் ஒட்டுவது. அந்தப் பலத்தை நேராகத் தாக்குகிற பொருள் தாயின் மார்பில் இருக்கிறது. அதைத்தான் நிறுத்து என்கிறோம்.

நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று சொல்ல முடியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பாலகிருஷ்ணன் ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும் காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலில், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்து 2000ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அந்த மாவு பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதை நொதிக்கவைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் பெருங்குடலைத் தூண்டி உப்பையும் நீரையும் திரும்ப உறிஞ்சவைக்கின்றன. மாவு சேர்த்தவர்களுக்குப் பேதியின் அளவும் குறைந்தது, நாளும் குறைந்தது. குடலைக் காலி செய்து அல்ல, குடலுக்குள் இருப்பவைக்குத் தீனி போட்டுப் பேதியைக் குறைத்தார்கள்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் இன்னும் தயங்குகிறவர்களுக்கு 1971ஐ நினைவுபடுத்த வேண்டும். வங்கதேசப் போர் அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பன்காவில் காலரா அடித்தபோது, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த பொட்டலங்களைத் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, அந்தக் கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடையே 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அங்கே கிருமியைக் கொன்று காப்பாற்றவில்லை. போகிற நீரை அதே வேகத்தில் திருப்பிக் கொடுத்து, உடலே கிருமியோடு போராடி முடிக்கும்வரை ஆளை உயிரோடு வைத்திருந்தார்கள். வீட்டில் செய்ய வேண்டியதும் அதுவே. ஒரு பெரிய பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர். ஒரு டம்ளரில் கொஞ்சம் தூளைக் கொட்டிக் கலக்குவது ஆபத்து. 2 வயதுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி. 14 நாள் துத்தநாக மருந்து. பால், கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு எதையும் நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனை.

"நாங்களெல்லாம் இப்படித்தான் வளர்ந்தோம், ஒண்ணும் ஆகலையே" என்று கேட்பார்கள். பேச இருப்பவர்கள் பிழைத்தவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இன்றும் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்ட, 5 வயது நிரம்பாத குழந்தைகள் பேதியால் இறக்கின்றன. கொல்கத்தா உட்பட ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழு இடங்களில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, பேதியோடு வந்த 9,439 குழந்தைகளையும் பேதி இல்லாத 13,129 குழந்தைகளையும் ஒப்பிட்டது. கடும் பேதிக்குக் காரணமானவற்றில் ரோட்டா வைரஸ் முன்னணியில் இருந்தது; அது குடல் செல்லுக்குள்ளேயே புகுந்துவிடுவது, அதையும் கழுவ முடியாது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்டவர்களில் சாவு ஆபத்தைக் கூட்டியவற்றுள், சுவரை மழுக்கி மேடையில் அமர்கிற அந்த ஈ.கோலை இருந்தது. நான் திரும்பத் திரும்ப நினைப்பது இன்னொரு விவரத்தை. இறந்த குழந்தைகளில் 10இல் 6 பேர், மருத்துவமனைக்கு வந்து ஒரு வாரம் தாண்டிய பிறகு இறந்தார்கள். பாதிக்கு மேல் வீட்டில் இறந்தார்கள். பேதி நின்றுவிட்டது, கழிவு போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்திருக்கக்கூடிய நாட்கள் அவை.

வேலூரும் இடம்பெற்ற எட்டு நாட்டு ஆய்வு ஒன்றில், பிறந்தது முதல் 2 வயது வரை குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஜெர்மனியில் நஞ்சோடு வந்ததே, அந்த அடுக்கடுக்காக ஒட்டும் ஈ.கோலை வகை, அந்த நஞ்சில்லாத சாதாரண உருவில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் குடலிலும் ஒரு தடவையாவது இருந்தது. பெரும்பாலும் பேதியே இல்லாமல். ஒட்டியிருந்த கிருமி சுவரில் மெல்லிய அழற்சியை வைத்துக்கொண்டிருந்தது. அடிக்கடி அப்படித் தொற்றிய குழந்தைகள் 2 வயதில் சற்று உயரம் குறைந்திருந்தார்கள். பேதி போனால் சுத்தமாகிறது என்ற கொள்கையின்படி, பேதியே போகாத இந்தக் குழந்தைகள் நோயற்றவர்கள். வளர்ச்சி அட்டையில் அவர்களின் கோடு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.